ஒரே காமே திராட்சை, மூன்று குடும்பங்கள்: எந்த போஜொலேயை எடுப்பது?

பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது போர்தோதான். வாயைப் பிடிக்கும் துவர்ப்பு, திறக்கப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டுமோ என்ற தயக்கம், அப்புறம் விலை. "பழச்சுவை நல்லா தெரியணும், ஒரு குடும்பமே தோட்டம் பார்த்து, பறித்து, பாட்டிலில் அடைத்ததா இருக்கணும்" என்று யாராவது என்னிடம் கேட்டால், லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் போஜொலே மலைச்சரிவுகளைத்தான் காட்டுவேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழச்சுவை என்றால் இனிப்பு இல்லை. இந்த ஒயின்களில் சர்க்கரை கிட்டத்தட்ட முழுதும் நொதித்து முடிந்திருக்கும். பழத்தின் வாசனை மூக்கில் ஏறும், நாக்கில் புளிப்பு நிற்கும். இனிப்பை எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்துபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே சிவப்பு என்றால் காமே திராட்சைதான். 1395இல் பர்கண்டி கோமகன் பிலிப் இந்தக் கொடியைத் தன் நிலத்தில் இருக்கவே கூடாது என்று ஆணை போட்டார். அங்கே ஒதுக்கப்பட்ட கொடி, தெற்கே போஜொலேயின் கிரானைட் மண்ணில் நன்றாக வேர்பிடித்தது. வெறும் 'போஜொலே' என்ற பெயருக்கும் மேலே, தங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒயின் விற்கும் உரிமை உள்ள பகுதிகள் பத்து. 'க்ரூ' என்பார்கள். நான் ஒப்பிடப்போகும் மூன்று தோட்டங்களும் அந்தப் பத்துக்குள் வருபவை: ஃப்ளூரியில் க்ளோ து லா ருவாலெத், மோர்கோனில் லாப்பியேர், கோத் து ப்ரூயியில் ஷாத்தோ திவேன். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை ஊரெல்லாம் திறக்கும் 'நூவோ'வை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அறுவடை முடிந்த சந்தோஷத்துக்கான ஒயின், அந்த வாரத்தோடு சரி.

மூன்று வீட்டிலும் செய்முறையின் அடிப்படை ஒன்றுதான். திராட்சையைக் கையால் பறித்து, நசுக்காமல், காம்போடு கொத்துக்கொத்தாகத் தொட்டியில் போடுகிறார்கள். அடியில் கிடப்பவை மேலிருக்கும் பாரத்தில் நசுங்கி நொதிக்கத் தொடங்கும். அதில் வரும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும். மேலே உடையாமல் கிடக்கும் பழங்கள், காற்றில்லாத அந்த இடத்தில், தோலுக்குள்ளேயே நொதிக்க ஆரம்பிக்கும். அதனால் துவர்ப்பு அதிகம் இறங்காமல் பழ வாசனை தூக்கலாக வருகிறது. திராட்சை ஒன்று, முறையும் ஏறக்குறைய ஒன்று. அப்படியும் மூன்று கோப்பைகளை அடுத்தடுத்து வைத்தால் மூன்றும் மூன்று மாதிரி. இந்த ஊரை நான் விடாமல் குடிப்பதற்குக் காரணமே அதுதான்.

ருவாலெத்தில் தொடங்குகிறேன். ஃப்ளூரி என்றாலே பூ வாசம், மென்மை என்று சொல்வார்கள். அந்த ஊரின் இளஞ்சிவப்பு கிரானைட் மண்ணுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இந்தத் தோட்டம் அதில் சேராது. மூலேன்-ஆ-வான் என்ற பக்கத்து க்ரூவின் எல்லையை ஒட்டி, களியும் மாங்கனீசும் கலந்த மண்ணில் இருக்கிறது. எல்லை வகுத்தபோது தன் நிலம் ஃப்ளூரிக்குப் போய்விட்டதே என்று அன்றைய உரிமையாளர் கோபித்துக்கொண்டு, லேபிளில் ஊர்ப் பெயரைப் போடாமல் தன் பந்தயக் குதிரையின் படத்தைப் போட்டதாக ஒரு கதை சொல்வார்கள். ருவாலெத் அந்தக் குதிரையின் பெயர். குதிரைத் தலை இன்றும் லேபிளில் இருக்கிறது. 1967இல் கூதேர் குடும்பம் இதை வாங்கியது. ஒயினும் அந்தக் கோபத்துக்கு நியாயம் செய்கிறது. முதலில் கறுப்பு செர்ரி, கொஞ்சம் பொறுத்தால் மண் வாடை, கடைசியில் லேசான துவர்ப்பு. மூன்றில் சதைப்பற்று அதிகம் இதற்குத்தான். ஐந்தாறு வருஷம் படுக்கவைத்தாலும் தாங்கும். 'தார்தீவ்' என்று பழைய கொடிகளிலிருந்து எடுக்கும் இன்னொரு பாட்டிலும் உண்டு. பொறுமை இருப்பவர்கள் அதை எடுக்கலாம்.

லாப்பியேர் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும். விலியே-மோர்கோன் ஊரில் மார்செல் லாப்பியேர் 1973இல் அப்பாவிடமிருந்து பொறுப்பை ஏற்றார். ரசாயன உரமும் பூச்சிமருந்தும், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பரும் தாராளமாகப் புழங்கிய காலம் அது. அதே வட்டாரத்தில் ஒயின் வியாபாரியாகவும் வேதியியல் ஆய்வாளராகவும் இருந்த ஜூல் ஷோவே, பழத்தோலில் இருக்கும் ஈஸ்ட்டே போதும், சல்பர் இல்லாமலும் செய்யலாம் என்று சொல்லிவந்தார். லாப்பியேர் அதைச் செய்துகாட்டினார். களைக்கொல்லி இல்லை, பாக்கெட் ஈஸ்ட் இல்லை. நன்றாகப் பழுத்த பிறகே பறிப்பு, கெட்ட பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவது, பர்கண்டியில் பயன்படுத்திய பழைய பீப்பாய்கள். இன்று உலகம் முழுக்க 'இயற்கை ஒயின்' என்று பேசப்படுவதன் முக்கியமான வேர்களில் ஒன்று இந்த வீடு. அவர் 2010இல் காலமானார். இப்போது மகன் மத்தியுவும் மகள் கமீயும் நடத்துகிறார்கள்.

சுவை? ராஸ்பெர்ரியைக் கையால் கசக்கி முகர்ந்ததுபோல. நிறம் வெளிர், உடம்பு லேசு, ஆனால் விழுங்கிய பிறகும் நெடுநேரம் நாக்கில் நிற்கும். மூன்றில் உயிர்ப்பு அதிகம் இதில்தான் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒயின் இது. சல்பர் சேர்க்காதது, துளி சேர்த்தது என இரண்டு விதமாக வருகிறது. சேர்க்காததை வாங்கினால் 14 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். எனக்கு ஒருமுறை பாடம் கிடைத்தது. வேறொரு தோட்டத்தின் சல்பர் இல்லாத ஒயின், ஜூலை மாதம், கண்ணாடி ஜன்னலோரம் அடுக்கிவைத்திருந்த கடையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் ஆப்பிள் அழுகிய வாடை. நுரை வேறு. தோட்டத்துக்காரரின் ஒரு வருஷ உழைப்பு அந்த ஜன்னலில் வெந்துபோயிருந்தது. குளிர்ந்த அறையில் வைத்து விற்கும் கடையில்தான் இப்போதெல்லாம் வாங்குகிறேன். விலையும் மூன்றில் இதற்குத்தான் அதிகம்.

திவேன், ப்ரூயி மலையின் சரிவில் இருக்கிறது. 484 மீட்டர் உயர மலை. உச்சியில் ஒரு மாதா கோயில், பெயரே 'திராட்சை மாதா'. கொடிகளைச் சாம்பல் நோய் வாட்டிய காலத்தில் விவசாயிகள் வேண்டிக்கொண்டு கட்டியது. ஒவ்வொரு செப்டம்பரிலும் இன்னும் ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள். ஜோஃப்ரே குடும்பம் 1877இல் ஏலத்தில் வாங்கிய தோட்டம், இன்றுவரை அவர்கள் கையிலேயே இருக்கிறது. இங்கே மண் நீலம். எரிமலைப் பாறையிலிருந்து வந்த கல். மழை பெய்து ஓய்ந்த பிறகு ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால் ஸ்லேட்டுப் பலகைபோல நீலச் சாம்பல் நிறம். ஒயினிலும் அந்தக் கல் தெரிகிறது. செர்ரி, நீல பெர்ரி, கொஞ்சம் மிளகு, கடைசியில் உப்புக்கல்லை நக்கியதுபோல ஒரு முடிவு. 'செத் வின்ய்' என்ற பாட்டில் மலையின் ஏழு துண்டு நிலங்களின் திராட்சையைக் கலந்து செய்வது. அதிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றையுமே லேசாகக் குளிரவைத்துக் குடிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி நேரம் போதும். அறைச் சூட்டில் ஊற்றினால் பழ வாசனை மங்கி ஆல்கஹால்தான் முன்னால் நிற்கும். சாப்பாட்டோடு என்றால், லியோனின் உலர் இறைச்சித் தட்டுக்கு லாப்பியேர். வாத்து, காளான் என்று கனமாக இருந்தால் ருவாலெத். வீட்டில் மிளகு தூக்கலாகக் கோழி வறுக்கும் நாளில் நான் எடுப்பது திவேன். துவர்ப்பு குறைவு என்பதால் காரத்தோடு சண்டை போடாது.

ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும், இதற்கு முன் போஜொலே குடித்ததே இல்லை என்றால் திவேன். விலை கையைக் கடிக்காது, வைக்கும் இடத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், பழமும் மண்ணும் இரண்டுமே தெளிவாகத் தெரியும். லாப்பியேரை, நல்ல கடை ஒன்று பழக்கமான பிறகு, நண்பர்கள் வரும் அன்று மாலையே வாங்கி அன்றைக்கே திறங்கள். ருவாலெத்தில் இரண்டாக வாங்குங்கள். ஒன்றை இப்போது குடித்துவிட்டு, இன்னொன்றில் இன்றைய தேதியை எழுதி, கைக்கு எட்டாத அலமாரியின் அடித்தட்டில் படுக்கவைத்துவிடுங்கள்.