வல்கிரின்ட்: பைத்தானுக்குள்ள மெமரி எங்க ஒழுகுது எண்டு தேடுற ஆக்களுக்கு

கணக்கு வேலைக்கு பைத்தான் பாவிச்சு, அதுக்குள்ள சி-ல எழுதின எக்ஸ்டென்ஷனும் வச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. வல்கிரின்ட் எண்டது புரோகிராம் எடுத்த மெமரிய எங்க திருப்பிக் குடுக்காம விடுது (லீக்) எண்டு காட்டுற டூல், 2002ல இருந்து இருக்கு, ஜூலியன் சீவர்ட் தொடங்கினது, முழுக்க இலவசம். அஞ்சுக்கு நாலரை தாறன்.

எங்கட மருமகன் மட்டக்களப்பு வாவித் தண்ணி மட்டத்துக்கு சிமுலேஷன் ஒண்டு செய்யிறான், பாரமான லூப் மட்டும் சி-ல. ராவைக்கு ஓட விட்டுப் படுத்தா விடியக்குள்ள ரேம் நிரம்பி லினக்ஸ் அத கில் பண்ணிரும். "மாமா, டெல் போட்டன், ஜிசி கலெக்ட்டும் போட்டன், இறங்குதே இல்ல" எண்டான் (டெல் பேர அழிக்கும், ஜிசி எண்டது பைத்தான்ட குப்பை அள்ளுற பகுதி). எப்பிடி இறங்கும், சி-ல பிடிச்ச ரெஃபரன்ஸ விடாட்டி ரெஃபரன்ஸ் கவுண்ட், அதாவது அந்தச் சாமான எத்தின இடம் பிடிச்சிருக்கு எண்ட எண்ணிக்கை, பூச்சியத்துக்கு வராதே, பைத்தான் அதத் தொடாதே. பைத்தானோட வாற மெமரி பாக்கிற டூல் டிரேஸ்மாலோக்கும் பைத்தான் வரியோட நிண்டுரும், சி-ல எந்த வரி எண்டு சொல்லாது, சி-ல நேர மாலோக் பண்ணினத (மெமரி கேட்டு எடுத்தத) காணவும் காணாது.

இங்கதான் வல்கிரின்ட் ஆகலும் நல்லம், ஆனா சும்மா ஓட்டினா வேலைக்காகாது. பைத்தான் 512 பைட்டுக்குள்ள வாற சின்னச் சாமான் எல்லாத்தையும் தன்ட பெரிய துண்டுக்குள்ள வச்சுத்தான் பங்கு போடும், வல்கிரின்டுக்கு அந்தப் பெரிய துண்டுதான் தெரியும். அதால பைத்தான்மாலோக் எண்ட என்விரான்மென்ட் வேரியபிளுக்கு மாலோக் எண்டு குடுங்க, 3.6ல இருந்து இது இருக்கு. எக்ஸ்டென்ஷன டிபக் சிம்பலோட, மைனஸ் ஜி போட்டு கம்பைல் பண்ணுங்க. மறுகா சந்தேகமான ஃபங்ஷன 1000 தரம் லூப்ல கூப்பிடுங்க, ஏனெண்டா ரிப்போர்ட்ல 1000த்த ஒட்டி வாற எண்ணிக்கைதான் உங்கட லீக், மத்ததுல கனக்க பைத்தான் தொடங்கக்குள்ள எடுத்தது.

மருமகன்ட ரிப்போர்ட்ல வந்தது டெஃபினிட்லி லாஸ்ட் (எந்த பாயிண்டரும் இல்லாம தொலைஞ்சது), 24,000 பைட், 1,000 பிளாக். ஒண்டுக்கு 24 பைட், 64 பிட் மெஷின்ல ஒரு ஃப்ளோட்ட சைஸ் அச்சா அதுதான்! அந்த வரிக்குப் போனா பைலிஸ்ட் அப்பெண்ட், சி-ல இருந்து பைத்தான் லிஸ்ட்ல ஒண்டச் சேர்க்கிற ஃபங்ஷன். அது தனக்கு எண்டு ஒரு ரெஃபரன்ஸ் எடுக்கும், அதால உங்கட ரெஃபரன்ஸ நீங்கதான் டெக்ரெஃப் பண்ணி (கவுண்ட ஒண்டு குறைச்சு) விடணும், பைலிஸ்ட் செட்ஐட்டம் எண்டா உங்கடயே எடுத்துக்கும். ஒரு வரி கூட்டினான், ரேம் ஏறாம நிண்டுட்டு.

அரை மார்க் குறைச்சது வேகத்துக்கு. புரோகிராம் 20, 30 மடங்கு சுணங்கும், முழு சிமுலேஷனையும் போட்டிராதீங்க, சின்ன கிரிட் ஒண்டு காணும். லிஸ்ட், டிக்ட் போல ஜிசி பாத்துக்கொண்டிருக்கிற சாமான் லீக் ஆனா ஜிசிட லிஸ்ட்லயே அதுக்கு பாயிண்டர் கிடக்கிறதால ஸ்டில் ரீச்சபிள் (இன்னும் எட்டக்கூடியது) எண்டு ஒளிஞ்சிரும், அதுக்கு டிபக் பில்ட் பைத்தான்ல கெட் டோட்டல் ரெஃப்கவுண்ட், அதாவது மொத்த ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, கூடுதா எண்டு பாக்கிறதுதான் வழி. லீக் தேடுற இன்னொரு டூல் லீக்சானிடைசர் இதவிட நல்ல ஸ்பீட், ஆனா திரும்ப கம்பைல் பண்ணி, பைத்தான் தொடங்க முந்தியே அத லோட் பண்ணவும் (பிரீலோட்) வேணும்.

விண்டோஸ்ல நேர ஓடாது, விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற டபிள்யூஎஸ்எல் 2 போட்டுப் பாவிக்கலாம்.