முகம் பொது, கால்கள் தனி: டைப்-சி இணைப்பானும் அதைச் செய்வோரின் போட்டியும்

கைப்பேசி மதிப்புரைகளில் கேமராவுக்குப் பல பத்திகள் ஒதுக்கப்படுகின்றன. அடிப்பகுதியில் இருக்கும் சார்ஜிங் துளைக்கோ “டைப்-சி உண்டு” என்ற ஒற்றை வரியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் கைப்பேசியில் நாள்தோறும் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும் உறுப்பு அநேகமாக அது ஒன்றுதான். அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் பெட்டியில் அச்சிடப்படுவதில்லை, கடைக்காரருக்கும் தெரியாது. இந்த மதிப்புரை, தொழில்மொழியில் இணைப்பான் (கனெக்டர்) எனப்படும் அந்தத் துளையையும், கைப்பேசிக்குள் ஒளிந்திருக்கும் அதன் சிறிய உறவினர்களையும், அவற்றைச் செய்து விற்பதற்காகப் போட்டியிடும் நிறுவனங்களையும் பற்றியது.

2014 ஆகஸ்டில் வெளியான டைப்-சி வரையறை, துளையின் அளவு முதல் 24 தொடுமுனைகளின் இடம் வரை, செருகவும் உருவவும் தேவைப்படும் விசை முதல் தாங்க வேண்டிய 10,000 செருகல்கள் வரை எல்லாவற்றையும் விதித்திருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை செருகினாலும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்க வேண்டும் என்று இதற்குப் பொருள். வடிவமைப்பில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு, வளைந்து கொடுக்கும் வில் தகடுகளைக் கேபிளின் முனைக்குள் வைத்து, அசையாத தொடுமுனைகளை மட்டும் கைப்பேசிக்குள் வைத்ததுதான். தேய்மானத்தின் பெரும்பங்கைக் கேபிள் ஏற்றுக்கொள்கிறது. கேபிளை மாற்றுவது எளிது. 2007-இல் வந்த மைக்ரோ யூ.எஸ்.பி.யும் இதே எண்ணத்தில்தான் உருவானது. 2012-இல் ஐபோன் 5 உடன் வந்த லைட்னிங் இதற்கு நேர்மாறாக வில் தகடுகளைக் கைப்பேசிக்குள்ளேயே வைத்தது.

ஆனாலும் ஓர் இடத்தில் லைட்னிங்கே மேல் என்பது என் கருத்து. டைப்-சி துளையின் நடுவே 0.7 மி.மீ. தடிமனுள்ள நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. தொடுமுனைகள் அனைத்தும் அதன் இரு பக்கங்களிலும் பதிந்துள்ளன. சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் அடைத்துக்கொள்ளும்போது ஊக்கையோ குண்டூசியையோ விட்டுக் கிளறும் பழக்கம் நம்மிடம் உண்டு. லைட்னிங் துளையில் உடைவதற்கு நாக்கு இல்லை. டைப்-சியில் ஊசி ஒரு முறை வழுக்கினால் தங்கப் பூச்சு கீறப்படும், அழுத்தினால் நாக்கே பிளந்துவிடும். கைப்பேசியை அணைத்துவிட்டு மெல்லிய மரக்குச்சியால் ஓரமாகத் தூசியை எடுப்பதே பாதுகாப்பான வழி.

எல்லாம் வரையறுக்கப்பட்டுவிட்டது என்றால் உற்பத்தியாளர்கள் எதில் போட்டியிடுகிறார்கள் என்ற கேள்வி இயல்பாக எழும். வரையறை பெரும்பாலும் துளையின் முகத்தையே கட்டுப்படுத்துகிறது. பின்புறத்தில் இணைப்பானின் கால்கள் கைப்பேசியின் மின்சுற்றுப் பலகையில் எவ்வாறு அமர வேண்டும், உலோக உறை எந்தக் கோணத்தில் வளைய வேண்டும், பலகையின் மேல் அமர்வதா அல்லது பலகையை வெட்டி அதன் நடுவே அமர்வதா என்பவையெல்லாம் உற்பத்தியாளருக்கும் கைப்பேசி நிறுவனத்துக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். முகம் பொதுச் சொத்தாகவும் கால்கள் தனிச் சொத்தாகவும் இருப்பதால்தான், வெளியே ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கைப்பேசிகளின் சார்ஜிங் பின்களைப் பழுதுபார்ப்பவர் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த முடிவதில்லை.

தொடுமுனைகளின் எண்ணிக்கையும் மாறும். 24 முனைகளும் உள்ளவை, யூ.எஸ்.பி. 2.0 வேகத்துக்குப் போதுமான 16 முனை கொண்டவை, மின்சாரத்தை மட்டும் கடத்தும் 6 முனை கொண்டவை என்று சந்தையில் பல வகைகள் உள்ளன. துளையைப் பார்த்து வேகத்தைச் சொல்ல முடியாது. 2023-இல் வந்த ஐபோன் 15-க்கும் 15 புரோவுக்கும் வெளித்தோற்றத்தில் ஒரே துளைதான். முன்னது நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடுகிறது, பின்னது 10 கிகாபிட் வரை செல்கிறது. விலைப்பட்டியலில் “டைப்-சி” என்று மட்டும் எழுதுவது வாங்குபவருக்குப் பாதித் தகவலைத் தருவதற்குச் சமம்.

உண்மையான போட்டி உலோகத்தில் நடக்கிறது. தாமிரக் கலப்புத் தகட்டை அச்சில் வெட்டி, வளைத்து, நிக்கலின் மேல் தங்கம் பூசி, சூட்டைத் தாங்கும் எல்.சி.பி. பிளாஸ்டிக்கை அதைச் சுற்றி வார்த்தால் நாக்கு உருவாகிறது. இதில் மின் கடத்துதிறனும் உறுதியும் ஒன்றோடொன்று முரண்படும். தூய தாமிரம் நன்றாகக் கடத்தும், ஆனால் எளிதில் வளைந்துவிடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் தொடுமுனையில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், வேகமான சார்ஜிங் பரவப் பரவ இந்த முரண்பாடு கூர்மையாகிறது. வரையறைப்படி 5 ஆம்பியர் ஓடும்போது வெப்ப உயர்வு 30 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது. சீன நிறுவனங்கள் சிலவற்றின் தனிப்பட்ட வேகச் சார்ஜிங் முறைகள் 5 ஆம்பியருக்கும் மேலே செல்வதால், அவற்றுக்கான இணைப்பான்களில் சார்ஜ் மின்சாரத்தைக் கடத்தும் மின் முனைகள் அகலமாக்கப்படுகின்றன.

ஈரம் அடுத்த பகை. மின்னழுத்தம் உள்ள முனையில் வியர்வையோ உப்புநீரோ பட்டால் மின்பகுப்பு அரிப்பு தொடங்கும். மெல்லிய தங்கப் பூச்சில் ஊசிமுனை அளவுக்குத் துளை இருந்தாலும் அடியில் உள்ள தாமிரம் பச்சையாகப் பூத்து வெளிவரும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். விலை உயர்ந்த இணைப்பான்களில் மின் முனைகளுக்கு மட்டும் ரோடியம் கலந்த பூச்சு இடப்படுவதும், உறையைச் சுற்றி ரப்பர் வளையம் வைக்கப்படுவதும் இதற்காகத்தான். மலிவான இணைப்பானில் முதலில் குறைக்கப்படுவது பூச்சின் தடிமன். அந்தக் குறையைக் கண்ணால் காண முடியாது, சில மழைக்காலங்கள் கழிந்த பிறகே அது தெரியவரும்.

இனி உற்பத்தியாளர்கள். பழைய அமெரிக்கப் பெயர்கள் மூன்று: 1932-இல் தொடங்கிய ஆம்ஃபெனால், 1938-இல் தொடங்கிய மோலெக்ஸ், 1941-இல் ஏ.எம்.பி. என்ற பெயரில் தொடங்கிய டி.இ. கனெக்டிவிட்டி. மூன்றுக்கும் கைப்பேசி என்பது பல தொழில்களில் ஒன்று மட்டுமே. கார், விமானம், தரவு மையம் என்று அவற்றின் வருமானம் பரந்து கிடக்கிறது. மோலெக்ஸை 2013-இல் அமெரிக்கத் தனியார் குழுமமான கோக் (Koch) இண்டஸ்ட்ரீஸ் ஏறத்தாழ 720 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு பங்குச்சந்தையின் காலாண்டு நெருக்கடி அதற்கு இல்லை. ஆண்டுதோறும் மாதிரிகள் மாறி, ஆண்டுதோறும் விலை இறங்கும் கைப்பேசித் தொழிலில் அது சிறிய சலுகை அன்று.

ஆசியப் பக்கத்தில் நிலைமை வேறு. ஐபோன்களைப் பொருத்தித் தரும் ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனமான ஹொன் ஹாய், 1974-இல் தைவானில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான பிளாஸ்டிக் திருகுகுமிழ் செய்யும் பட்டறையாகத் தொடங்கி, எண்பதுகளில் கணினி இணைப்பான்கள் வழியாகவே பெரிதானது. அதாவது உலகின் மிகப்பெரிய கைப்பேசி ஆலைகளுக்கு இணைப்பான் என்பது பின்னால் சேர்ந்த கிளைத்தொழில் அன்று, அடித்தளம். அந்தப் பிரிவு இன்று ஃபாக்ஸ்கான் இன்டர்கனெக்ட் டெக்னாலஜி என்ற தனி நிறுவனமாக, 2017 முதல் ஹாங்காங் பங்குச்சந்தையில் உள்ளது. 2018-இல் அது கேபிளும் சார்ஜரும் விற்கும் பெல்கினை 86.6 கோடி டாலருக்கு வாங்கியதால், துளையையும் அதில் செருகும் கேபிளையும் ஒரே குழுமம் விற்கும் நிலை வந்தது.

இதற்கு எதிரே நிற்கும் சீன நிறுவனமான லக்ஸ்ஷேரின் கதை இன்னும் சுவையானது. முன்பு ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய வாங் லாய்சுன் 2004-இல் தொடங்கிய நிறுவனம் அது. இணைப்பான்களும் கேபிள்களும் செய்து, 2010-இல் ஷென்செனில் பங்கு வெளியிட்டு, பிறகு ஏர்பாட்ஸ் பொருத்துவதற்கும், 2020-இல் தைவான் நிறுவனமான விஸ்ட்ரானின் குன்ஷான் ஆலையை வாங்கியதன் மூலம் ஐபோன் பொருத்துவதற்கும் வந்து சேர்ந்தது. ஃபாக்ஸ்கான் ஏறிய அதே படிகளில், அதைவிட விரைவாக ஏறியது என்று சொல்லலாம். இந்த இரு நிறுவனங்களின் வலிமை தரத்தில் மட்டும் இல்லை; கைப்பேசியைப் பொருத்தித் தருபவரே இணைப்பானையும் தரும்போது, வடிவமைப்பில் ஏற்படும் மாற்றத்தை மறுநாளே அச்சில் திருத்த முடிகிறது. அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்கள் விலைப்புள்ளி அனுப்பி முடிப்பதற்குள் மாதிரி தயாராகிவிடும் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வதில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் அடிப்படை இல்லாத பேச்சு அன்று.

ஜப்பானியர்கள் பின்தங்கிவிட்டார்களா? துளையை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஜே.ஏ.இ. நிறுவனத்தின் டி.எக்ஸ்.07 வரிசை தொடக்கக் காலத்திலேயே வந்த டைப்-சி இணைப்பான்களுள் ஒன்று. வரைபடங்களும் சோதனை விவரங்களும் வெளிப்படையாகக் கிடைப்பதால் சிறு தயாரிப்பாளர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் ஜப்பானியர்களின் கோட்டை கைப்பேசியின் உள்ளே இருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் பாட்டரி, திரை, கேமரா ஒவ்வொன்றிலிருந்தும் வளையக்கூடிய மின்சுற்றுப் பட்டை (ஃபிளெக்ஸ்) ஒன்று வந்து முதன்மைப் பலகையில் பொத்தான்போல அழுந்தி உட்காருவதைக் காணலாம். அந்தப் பொத்தான்களே பலகை இணைப்பான்கள். ஜப்பானிய நிறுவனமான ஹிரோசேயின் பி.எம்.28 வரிசையில் முனைகளுக்கு இடையிலான தூரம் 0.35 மி.மீ., இணைந்த நிலையில் உயரம் வெறும் 0.6 மி.மீ. மோலெக்ஸ் இதற்குப் பதிலாக முனைகளை நான்கு வரிசைகளில் மாற்றி மாற்றி அடுக்கி, இடைவெளியை 0.175 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்துள்ளது. இணைப்பானில் மிச்சமாகும் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் பாட்டரிக்கோ கேமராவுக்கோ போய்ச் சேரும் என்பதால், கைப்பேசி நிறுவனங்கள் இந்த இடத்தில் விலையைவிட அளவையே முதலில் பார்க்கின்றன. ஆண்டெனா கம்பிகளின் நுனியில் உள்ள வட்ட இணைப்பான்களிலும் ஹிரோசேயின் யூ.எஃப்.எல். வகையும் ஐ-பெக்ஸின் எம்.எச்.எஃப். வகையும் இன்றும் அளவுகோலாக இருக்கின்றன.

ஆனால் உள்ளே இருப்பவற்றில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. டைப்-சி துளை 10,000 முறை தாங்க வேண்டும், யூ.எஃப்.எல். இணைப்பானுக்குக் கொடுக்கப்படும் உறுதி 30 முறை மட்டுமே, மெல்லிய பலகை இணைப்பான்கள் சிலவற்றுக்கு 10 முறைதான். ஆலையில் ஒரு முறை பொருத்திவிட்டால் போதும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை அவை. பழுதுபார்ப்பவர் ஒரே கைப்பேசியை நான்கைந்து முறை திறந்து மூடினால், பாட்டரி இணைப்பானின் பிடி தளர்வதில் வியப்பில்லை. “சர்வீஸுக்குக் கொடுத்த பிறகு தானாக அணைகிறது” என்ற புகார்களில் சில இங்கிருந்துதான் பிறக்கின்றன. உயரத்தைக் குறைப்பதில் காட்டும் திறமையில் சிறு பங்கையாவது இந்த நிறுவனங்கள் இதற்குக் காட்டியிருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022/2380 எண் உத்தரவு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கப்படும் புதிய கைப்பேசிகளுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. ஆப்பிள் அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில் மாறிவிட்டது. லைட்னிங் காலத்தில் கேபிள் செய்ய ஆப்பிளின் உரிமமும் அதன் சில்லும் தேவைப்பட்டன. அந்த வேலி விழுந்ததும் கேபிள் சந்தை எல்லோருக்கும் திறந்தது. இதனால் பயனர் அடைந்த நன்மை பெரிது. இணைப்பான் நிறுவனங்களுக்கோ லாப விகிதம் மெலிந்தது என்றே நினைக்கிறேன், ஏனெனில் தனி வடிவத்துக்குக் கிடைத்த விலை பொது வடிவத்துக்குக் கிடைக்காது.

வாங்குபவரின் பக்கம் வருவோம். கைப்பேசி வாங்கும்போது துளையைத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை இல்லை, ஆனால் சோதித்துப் பார்க்கலாம். நல்ல கேபிளைச் செருகும்போது முடிவில் தெளிவான “டக்” கேட்க வேண்டும். பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறக்கூடாது. வேகச் சார்ஜிங்கில் கைப்பேசி இளஞ்சூடாக இருப்பது இயல்பு, துளையின் வாயருகே மட்டும் சுடுவது இயல்பன்று. பிடி தளர்ந்ததாகத் தோன்றினால் முதலில் வேறு கேபிளை முயலுங்கள், ஏனெனில் தேயும் வில் தகடு கேபிளில்தான் இருக்கிறது.

துளையையே மாற்ற நேர்ந்தால், அது சிறு சார்ஜிங் போர்டில் இருக்கிறதா, முதன்மைப் பலகையில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். முதலாவது எளிய வேலை. இரண்டாவதில் சூட்டுக்காற்றைத் தவறாகச் செலுத்தினால் எல்.சி.பி. நாக்கு கோணலாகிவிடும். கடைகளில் கிடைக்கும் மாற்றுப் பாகங்கள் பெரும்பாலும் பெயரற்றவை. “ஒரிஜினல்” என்று ஒட்டப்பட்ட தாளுக்கு மதிப்பில்லை. முடிந்தால் பயன்படுத்திய கைப்பேசியிலிருந்து எடுக்கப்பட்ட, தேயாத பாகத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். புதிய பெயரற்ற பாகத்தைவிட அதன் பூச்சு நம்பகமானது.

ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தப்படும் காலத்தில், இந்தப் பாகங்கள் இங்கே ஏன் செய்யப்படக்கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. 2025 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 22,919 கோடி ரூபாய் மின்னணுப் பாகங்கள் திட்டத்தில் இணைப்பான்களை உள்ளடக்கிய மின்-இயந்திரப் பாகங்களும் இடம்பெற்றுள்ளன. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் வெட்டும் அச்சுகளைச் சில மைக்ரான் துல்லியத்தில் செய்து பராமரிக்கும் அச்சு வினைஞர்களும், தங்கப் பூச்சின் தடிமனை விடாமல் காக்கும் முலாம் பட்டறைகளும்தான் இதற்கு முதல் தேவை. ஹிரோசேயும் ஜே.ஏ.இ.யும் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பது அந்தத் திறனைத்தான்; மானியம் இயந்திரத்தை வாங்கித் தரும், அச்சு செய்பவரை உருவாக்க அதைவிட நீண்ட காலம் ஆகும்.