சுவரை மூடும் முன் பாருங்கள்: எஃகுச் சட்டக வீட்டில் நான் ஏமாந்த விதம்

வெக்கையும் ஈரக்காற்றும் மிகுந்த இடத்தில் எஃகுச் சட்டக வீடு (எஃகுச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடித்துச் சுவர் எழுப்பும் வீடு) கட்ட எண்ணியிருப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றே எழுதுகிறேன். கட்டியவரின் பெயரைச் சொல்லவில்லை. அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

கரையான் அரிக்காது, மரம்போல உளுத்துப்போகாது, சீக்கிரம் முடியும் என்பதால்தான் எஃகைத் தேர்ந்தெடுத்தேன். அந்த மூன்றும் உண்மை. அவற்றில் எனக்கு இன்றும் குறையில்லை. ஆனால் குடிபுகுந்த இரண்டாவது கோடையில் படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில் ஜிப்சம் பலகை உப்பத் தொடங்கியது. அறையைத் திறந்தாலே பூஞ்சை வாடை அடித்தது. ஒப்பந்ததாரரிடம் சொன்னபோது குழாய்க் கசிவு என்றார். அந்தச் சுவரில் குழாயே இல்லை. அடுத்து மழைநீர் இறங்கியிருக்கும் என்றார். அப்போது மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. கடைசியில் நானே ஆள் வைத்து ஒரு பலகையைக் கழற்றினேன். பலகைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாள், அதன் மறுபுறம் முழுவதும் நீர்த்துளிகள். கண்ணாடிப் பஞ்சு நனைந்து கீழே சரிந்திருந்தது. அடிச்சட்டத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்க, திருகுகளைச் சுற்றிச் செந்துரு பிடித்திருந்தது.

அந்தத் தாள்தான் முதல் தவறு. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் வெப்பமூட்டுவதால் நீராவி உள்ளிருந்து வெளியே போக முயலும். அதைத் தடுக்கச் சுவரின் உட்புறத்தில் தாள் வைப்பது அங்கே பொருந்தும். ஏ.சி. ஓடும் வெப்பநாட்டு வீட்டில் நீராவி வெளியிலிருந்து உள்ளே வரும். வெளிக்காற்று 32 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால், ஏறக்குறைய 27 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் நீர் துளிர்க்கும். அறையை 24 பாகையில் வைத்திருந்தோம். அறையை ஒட்டியிருந்த தாளும் ஏறத்தாழ அதே குளிர்ச்சியில் இருந்ததால், சுவருக்குள் நுழைந்த ஈரம் அதில் படிந்து, உலர வழியின்றி அடிச்சட்டத்தில் இறங்கித் தேங்கியது. வேறொரு தட்பவெப்பத்துக்கு வரைந்த சுவரை அப்படியே கொண்டுவந்து என் வீட்டில் நிறுத்தியிருக்கிறார்கள்.

அடுத்தது, எஃகைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகப் பூச்சு. ஒப்பந்தத்தில் 'உயர்தர கால்வனைஸ்டு எஃகு' என்று மட்டுமே இருந்தது, எண் எதுவும் இல்லை. அதைக் கேட்டு எழுதி வாங்காதது என் பிழை. பேச்சில் அவர் சொன்னது 275, அதாவது இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம். கழற்றிய சட்டத்தில் அச்சிட்டிருந்தது 120. முன்னதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் பூச்சு இருக்கும். பின்னதில் 8 மைக்ரானைச் சற்றே தாண்டும். உப்புக்காற்றும் ஓயாத ஈரமும் உள்ள இடத்தில் அந்த வித்தியாசம் ஆண்டுக்கணக்கில் தெரியும். போதாததற்கு, சில இணைப்புகளைத் திருகாமல் வெல்டிங் செய்திருந்தார்கள். துத்தநாகம் 419 பாகையிலேயே உருகி, 907 பாகையில் ஆவியாகிவிடும் என்பதால் வெல்டிங் பட்ட இடத்தில் பூச்சு எரிந்து போயிருந்தது. அதன்மேல் துத்தநாகச் செறிவுள்ள பெயின்ட் அடித்த அடையாளமே இல்லை.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஃகு மரத்தைவிட 300 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு பஞ்சு அடைத்தாலும், சட்டத்தின் வழியாகவே வெயில் உள்ளே வந்துவிடும். மாலையில் சுவரில் கையை ஓட்டினால், சட்டம் இருக்கும் இடங்களை மட்டும் சூடான பட்டைகளாக உணர முடிந்தது. சட்டகத்துக்கு வெளியே இடைவெளியின்றி ஓடும் காப்புப் பலகை இருந்திருந்தால் இந்தச் சூடு பெருமளவு குறைந்திருக்கும்.

ஆகவே, பூச்சின் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சட்டங்கள் இறங்கும் நாளில் அச்சைப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். நீராவித் தடுப்பு சுவரின் எந்தப் பக்கம் வருகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள், ஏ.சி. வைக்கும் வீடென்றால் அது வெளிப்பக்கம் வர வேண்டும், உட்பக்கம் உலர வழி இருக்க வேண்டும். அடிச்சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஈரத்தடுப்புத் தாள் உண்டா என்று கேளுங்கள். செம்பு கலந்த மருந்தேற்றிய மரமோ செம்புக் குழாயோ சட்டத்தை நேரடியாகத் தொட விடாதீர்கள், அங்கே துத்தநாகம் விரைவில் அரிக்கப்படும். எல்லாவற்றையும் விட, நீங்கள் வந்து பார்க்கும் வரை உள்பலகை அடிக்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

படுக்கையறைச் சுவரில் தாளை அகற்றி, அடிச்சட்டத்தை மாற்றி, வெளியே காப்புப் பலகை போட்டாயிற்று. மீதி மூன்று சுவர்களை மழைக்கு முன் திறக்க வேண்டும். ஏ.சி.யை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதே காரணம் என்று ஒப்பந்ததாரர் கடைசியாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கொடுத்த விளக்கத்தாளின் முதல் பக்கத்தில் 'ஏ.சி. வசதிக்கு ஏற்ற சுவர்' என்றிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் 120 என்ற அச்சின் படத்தையும் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.