துணி பேட் நாலு வருஷ அனுபவம்: துவைக்கிறத விட காயப் போடுறதுதான் பெரிய விஷயம்

2021 கடைசில, பீரியட்ஸுக்கு நாப்கினுக்கு பதிலா துவைச்சு திரும்ப போடுற துணி பேட் மூணு வாங்கி ஆரம்பிச்சேன், இப்ப கைல ஒம்போது இருக்கு, அந்த மொத மூணுல ரெண்டு இன்னும் நல்லாவே இருக்கு. மாறினதுக்கு காரணம் எங்க தெருவுல குப்பை வாங்குற அக்காதான். யூஸ் பண்ண நாப்கின நல்லா சுத்திதான் குப்பையில போடணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே இருந்துச்சு, நானும் பேப்பர்ல சுத்தித்தான் குடுத்தேன், ஆனா ஒருநாள் அவங்க கிளவுஸ் கூட இல்லாம அந்த பொட்டலத்த எடுத்து வேற பையில போட்டத பாத்ததுக்கு அப்புறம் எனக்கு மனசே ஒப்பல.

யார்கிட்ட சொன்னாலும் மொத கேள்வி "கறை போகுமா, வாடை அடிக்காதா"ங்கறதுதான். போகும், ஆனா பச்சத் தண்ணி மட்டும்தான். வெந்நீர் பட்டா ரத்தத்துல இருக்குற புரோட்டீன் துணியிலயே கெட்டியா புடிச்சுக்கும், அப்புறம் எந்த சோப்புக்கும் அசையாது. நான் கழட்டின உடனே பைப்புக்கு அடியில மேல்பக்கம் கீழ பாக்குற மாதிரி புடிச்சு தண்ணி விடுவேன், அமுக்கி விட்டா மொத ஒரு நிமிஷம் நல்ல செவப்பா வரும், அப்புறம் ரோஸ் கலரு, அப்புறம் தெளிஞ்சிடும். அதுக்கப்புறம் சின்ன பக்கெட்ல அரைமணி நேரம் ஊறப் போட்டு, சாதா பார் சோப்பு தேய்ச்சு கையால கசக்கி மூணு தடவை அலசுவேன். ராத்திரி பூரா ஊற விடாதீங்க, அந்த தண்ணியே வாடை புடிச்சிடும். பிரஷ்ஷும் வேண்டாம், ஃபிளானல் துணி நூல் நூலா எழும்பி போயிடும்.

இது எல்லாத்தையும் சரியா பண்ணியும் மொத நாலஞ்சு மாசம் எனக்கு ஒத்துக்கல. லேசா ஒரு மக்கல் வாடை, தொடை இடுக்குல அரிப்பு. துணியே ஆகாது போலன்னு நெனச்சுதான் டாக்டரம்மாகிட்ட போனேன், அவங்க கேட்ட மொத கேள்வியே "எங்கம்மா காயப் போடுறீங்க?" பாத்ரூம் கதவுக்கு பின்னாடி, டவலுக்கு அடியில. வேற எங்க போடுவோம்? எங்கம்மா காலத்துல பழைய சேலைத் துணிய கொல்லையில யாரு கண்ணுலயும் படாம பாவாடைக்கு அடியில போட்டு காய வெப்பாங்க, அதே பழக்கம் எனக்கும் அப்படியே வந்திருக்கு. மேல தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா ஒரு பேட்ல நாலஞ்சு அடுக்கு துணி, அதுக்கு கீழ கசியாம இருக்க பியூஎல்னு பிளாஸ்டிக் பூச்சு போட்ட ஒரு ஷீட்டு, உள்ள ஈரம் அப்படியே நின்னு கிருமி வளரும். துணின்னா இன்ஃபெக்‌ஷன் வரும்னு சொல்றாங்களே, பாதிக்கு மேல இந்த ஒளிச்சு வெக்கிற பழக்கத்தாலதான் வருதுன்னு நான் நம்புறேன்.

அடுத்த மாசமே மொட்டைமாடி கொடியில போட்டேன். பட்டன் எல்லாம் தெறந்து, துணிப் பக்கம் வெயில பாக்குற மாதிரி, ரெண்டு கிளிப். சித்திரை வெயில்ல மூணு மணி நேரம் போதும், நடு பாகத்த ரெண்டு விரலால அழுத்திப் பாப்பேன், சில்லுன்னு இருந்தா இன்னும் காயலன்னு அர்த்தம். அரிப்பு நின்னுச்சு, வாடையும் போச்சு.

தண்ணியும் ஒரு விஷயம். எங்க ஏரியா தாம்பரம் பக்கம், போர் தண்ணி உப்பு, சோப்பு சரியா நுரைக்காம துணியிலயே படிஞ்சு ஆறு மாசத்துல பேட் அட்டை மாதிரி மொடமொடன்னு ஆயிடுச்சு, உறிஞ்சவும் இல்ல. இப்ப சோப்பு கொஞ்சமா போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு மக் நல்ல தண்ணி. மெதுவா இருக்கணும்னு கண்டிஷனர் மட்டும் ஊத்திடாதீங்க, அது நூல் மேல படலம் மாதிரி ஒட்டிக்கிட்டு உறிஞ்சுறத இன்னும் கெடுக்கும். பிளீச், இஸ்திரி ரெண்டும் பியூஎல் ஷீட்டுக்கு ஆகாது.

ஐப்பசி கார்த்திகைதான் கஷ்டம். மழைத்தண்ணி அலசுறதுக்கு அவ்ளோ நல்லா இருக்கும், காய வெயிலு இருக்காது. ஃபேனுக்கு கீழ ரெண்டு நாள் ஆகும், அதனாலதான் எண்ணிக்கைய ஒம்போது ஆக்கினேன். அப்பவும் பத்தலன்னா அந்த மாசம் கடை நாப்கின் வாங்கிக்குவேன், ஈரத்தோட போடுறதுக்கு அது எவ்வளவோ மேல். பீரியட்ஸ் ரெண்டாவது நாள் நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தியே ஆகணும், ஆபீஸ்ல கழட்டினத மடிச்சு பட்டன் போட்டு ஜிப் பையில வெச்சு வீட்டுக்கு கொண்டு வந்துதான் அலசுறேன், நீண்ட பஸ் பயணத்துக்கு இது சரிப்படாது. புதுசா வாங்கினா போடுறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை துவைச்சிடுங்க, அப்பத்தான் காட்டன் நல்லா உறிஞ்ச ஆரம்பிக்கும்.

மாடியில போட்ட மொத நாள் எங்க அத்தை பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா முகம் மாறுச்சு. நானும் எடுக்கல. சில வருஷம் அப்படியே போச்சு. போன ஆவணியில திடீர்னு மழை இருட்டிக்கிட்டு வந்தப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா கட்டில்மேல மாமாவோட வேட்டி, பசங்க யூனிஃபார்ம், பக்கத்துல என்னோட நாலு பேடும் பட்டன் போட்டு மடிச்சு இருந்துச்சு. "ஒண்ணு மட்டும் நடுவுல சில்லுனு இருக்கு, நாளைக்கு மறுபடி போடு"ன்னாங்க.