டெலஸ்கோப் ஏணி: நீளத்தைப் பார்க்கும் முன் பூட்டைப் பாருங்கள்

ஒன்றரை வருடமாக, குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மடங்கும் டெலஸ்கோப் ஏணி ஒன்றை வீட்டில் பயன்படுத்தி வருகிறேன். முழுக்க நீட்டினால் 3.8 மீட்டர், மடக்கினால் என் இடுப்பு உயரம், எடை 12 கிலோவுக்குப் பக்கம். இது நான் வாங்கிய இரண்டாவது ஏணி. முதலாவதை எட்டே மாதத்தில் ஓரங்கட்ட வேண்டியதாகிவிட்டது. அது ஏன் என்று சொன்னால்தான் இதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பது புரியும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஏணியை வாங்கும்போது நான் பார்த்தது நீளம் மட்டும்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் அதுதானே. எவ்வளவு நீளமோ அவ்வளவு உபயோகம் என்று நினைத்து எடுத்து வந்தேன், ஆறேழு மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை. அப்புறம் வீட்டில் ஒரு சுவரை உடைத்துப் பூசினார்கள். ஏணி பக்கத்திலேயே சாத்தியிருந்தது, சிமெண்ட் தூசி அதன் மேல் நன்றாகப் படிந்துவிட்டது. நான் மேலாக ஒரு துடைப்பு துடைத்துவிட்டு, ஜன்னலுக்கு மேலே ஒட்டடை அடிக்கலாம் என்று நீட்டி ஏறினேன். மூன்றாவது படியில் இரண்டு காலும் வைத்த நேரத்தில் "டக்" என்று ஒரு சத்தம், இடது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது, வலது பக்கம் அப்படியே நின்றது. நான் விழவில்லை. ஆனால் இறங்கி வந்து பார்த்தபோது கை நடுங்கியது. நாலாவது படியின் வலது பூட்டு சரியாக விழுந்திருக்கிறது, இடது பூட்டு பாதித் துளையில் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. நீட்டும்போது வலது பக்கம் கேட்ட "கிளிக்" சத்தத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கேட்டதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஏணி வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். சாதாரண ஏணியில் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு ஒரே சட்டம் ஓடும். இதில் அப்படி இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு ஜோடி. கீழே தடிமனான குழாய், மேலே போகப் போக மெலிந்துகொண்டே போகும். ஒரு படியை மேலே இழுத்தால், அதன் இரண்டு முனைகளிலும் உள்ள பின் வில்லின் அழுத்தத்தில் குழாயின் துளைக்குள் போய் உட்காரும், இதைத்தான் பூட்டு என்கிறேன். உங்கள் எடை முழுவதையும் தாங்குவது அந்த விரல் நீளம்கூட இல்லாத பின்கள்தான். 3.8 மீட்டர் ஏணியில் 12, 13 படி இருக்கும், ஆக இருபதுக்கு மேல் பின்கள். அதில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் ஏறக்கூடாது.

ஆகவே இரண்டாவது முறை கடைக்குப் போனபோது நீளத்தைக் கேட்கவே இல்லை. ஏணியைத் தரையில் நிறுத்தி, ஒவ்வொரு படியாக நீட்டி, ஒவ்வொரு பூட்டையும் குனிந்து பார்த்தேன். கடைக்காரர் பொறுமையாக நின்றார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் பார்த்த முதல் விஷயம், பூட்டு விழுந்ததா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. சில ஏணிகளில் பூட்டு விழாதவரை சிவப்பு தெரியும், விழுந்ததும் பச்சை தெரியும். சிலவற்றில் படிக்கு அடியில் உள்ள தள்ளுபட்டன் வெளிப்பக்கம் முழுக்கப் போய் நிற்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டில் எது என்றாலும் சரி, நின்ற இடத்திலிருந்தே இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். காதை மட்டும் நம்ப வைக்கிற ஏணியை வாங்காதீர்கள். பக்கத்தில் ஒரு டிரில் மெஷின் ஓடினால் கிளிக் சத்தம் காதில் விழாது.

அடுத்து, மடக்கிப் பார்த்தேன். இதைக் கடையிலேயே செய்து பார்க்கச் சொல்லி எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என் முதல் ஏணியில் பட்டனைத் தள்ளியதும் மேல் படி கில்லட்டின் மாதிரி இறங்கும். ஒரு முறை படியைப் பிடிக்காமல் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தேன், ஆள்காட்டி விரலின் சதை இரண்டு படிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்து, புது நகம் வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது இருப்பதில் குழாய்க்குள் அடைபடும் காற்று சின்னத் துளை வழியாக மெல்ல வெளியேறுகிறது, அதனால் படி "உஸ்ஸ்" என்று நிதானமாக இறங்குகிறது. மடங்கிய பிறகும் படிக்கும் படிக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த இரண்டும் இல்லாத ஏணியை உள்ளேயே விடாதீர்கள். அப்படி இருந்தாலும் மடக்கும்போது கட்டை விரலைப் பட்டனிலும் மற்ற விரல்களைப் படியின் மேலும் வைத்துப் பழகுங்கள், பக்கக் குழாயைப் பிடிக்கவே கூடாது.

அடிப் படியில் உள்ள ஒரே ஜோடி பட்டனை அழுத்தினால் எல்லாப் படியும் வரிசையாக இறங்கிவிடும் மாதிரியும் வருகிறது. குனிந்து நிமிர முடியாதவர்களுக்கு அது வசதிதான். எனக்கு ஒவ்வொரு படிக்கும் தனிப் பட்டன் இருப்பதே பிடித்திருக்கிறது, மடக்கும் சாக்கில் ஒவ்வொரு பூட்டையும் தொட்டுப் பார்த்துவிடுகிறேன், எது இறுகுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சரி, நீளத்துக்கு வருவோம். 3.8 மீட்டர் ஏணி வாங்கினால் 3.8 மீட்டர் உயரத்தில் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், நானும் அப்படித்தான் நினைத்தேன். சாய்த்து வைக்கும் ஏணியைத் தரையோடு ஏறக்குறைய 75 டிகிரியில் வைக்க வேண்டும், அதாவது நாலு பங்கு உயரத்துக்கு, ஏணியின் அடிப்பகுதி சுவரிலிருந்து ஒரு பங்கு விலகி இருக்க வேண்டும். அப்படி வைத்தால் 3.8 மீட்டர் ஏணியின் நுனி சுவரைத் தொடுவது 3.67 மீட்டரில், அடி ஒரு மீட்டர் விலகி நிற்கும். அதில் மேல் மூன்று படிகளில் கால் வைக்கக்கூடாது, அவை கை பிடிப்பதற்கு. படிக்குப் படி 30 சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டால், கடைசியாகக் கால் வைத்து நிற்கக்கூடிய இடம் 2.8 மீட்டர் வாக்கில் வரும். 2.6 மீட்டர் ஏணிக்கு இதே கணக்கைப் போட்டால் 1.6 மீட்டர் சொச்சம். சாதாரண உயரமுள்ள வீட்டுக் கூரையைத் தொட அதுவே தாராளம், எடையும் நாலைந்து கிலோ குறையும். இன்னொன்று, ஏணி வழியாக மாடிக்கோ கூரைக்கோ ஏறி இறங்குவதாக இருந்தால், ஏணி அந்த விளிம்புக்கு மேல் ஒரு மீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கால் மாற்றும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

கோணம் சரியா என்று பார்க்க அளவுகோல் எதுவும் வேண்டாம். கால் பெருவிரல் ஏணியின் அடியைத் தொடும்படி நிமிர்ந்து நின்று, கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பட்டால் சரி. எட்டவில்லை என்றால் ஏணி அதிகமாகச் சாய்ந்து கிடக்கிறது, கையை மடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாக நிற்கிறது.

வாங்குகிறவர்கள் பலரும் மறந்துவிடும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாய்ப்பு ஏணிக்குச் சாய சுவர் வேண்டும். அறையின் நடுவில் தொங்கும் ஃபேனைத் துடைக்க வேண்டும் என்று 3.8 மீட்டர் ஏணியை வாங்கி வந்து, அதை எதன் மேல் சாய்ப்பது என்று முழித்த வீடு எனக்குத் தெரியும். ஃபேன், விளக்கு, கூரைக்குப் பெயின்ட் இதெல்லாம்தான் உங்கள் வேலை என்றால், ஆங்கில ஏ எழுத்து மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து தானாக நிற்கும் டெலஸ்கோப் ஏணி வேண்டும். நடுவில் கீல் இருக்கும், அதையும் பூட்டிப் பார்க்க வேண்டும். நிமிர்த்திச் சாய்ப்பு ஏணியாகவும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதே நீளச் சாய்ப்பு ஏணியைவிடக் கனம் கூடும். வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். என்னிடம் இருப்பது சாய்ப்பு ஏணி. ஃபேனுக்கு இன்னமும் பழைய முக்காலிப் படிதான்.

தொழிலுக்கு வாங்குகிறவர்கள் கதை வேறு. கேமரா பொருத்தும் வேலை செய்கிற என் நண்பர் ஒரு நாளைக்கு ஏழெட்டு இடத்தில் ஏணியை நீட்டி மடக்குவார். நான் ஒரு மாதத்தில் செய்வதை அவர் ஒரே நாளில் முடித்துவிடுவார். அவருக்கு இந்த வகை ஏணி பெரிய வரம்தான், பைக்கின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போகிறார், லிஃப்டில் நிற்கிறது, வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் இடிக்காமல் திரும்புகிறது. ஆனால் அவர் வாங்கும்போது முதலில் தேடியது ஒட்டியிருக்கும் லேபிளை. ஐரோப்பியத் தரமான இ.என் 131-ல் டெலஸ்கோப் ஏணிக்கென்றே ஆறாவது பகுதி இருக்கிறது. இந்தத் தர வரிசையில் 2018 முதல் ஏணிகளைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு, மற்ற பயன்பாட்டுக்கு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டிலும் தாங்கும் எடை 150 கிலோ என்றுதான் எழுதியிருக்கும், அதனால் எடையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தொழில்முறை என்று போட்டிருக்கிறதா என்று தேடிப் படிக்க வேண்டும். அமெரிக்கத் தரத்தில் எடைப்படி வகைகள் உண்டு. டைப் 1 என்றால் 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. டைப் 1ஏ என்றால் 300 பவுண்டு, 136 கிலோ. இந்த எடை உங்கள் உடம்புக்கு மட்டுமல்ல, இடுப்பில் கட்டிய டூல் பை, கையில் இருக்கும் டிரில், தோளில் போட்ட ஒயர்ச் சுருள் எல்லாம் சேர்த்துத்தான்.

நண்பரின் ஏணிக்கு அடியில் ஒரு குறுக்குக் கட்டை உண்டு, ஏணியைவிட அகலமாக. 3 மீட்டருக்கு மேல் நீளும் சாய்ப்பு ஏணிக்கு ஐரோப்பியத் தரப்படி அடி அகலமாக இருக்க வேண்டும். என் ஏணியிலும் இருக்கிறது. கழற்றி மாட்டும் வகை என்றால் சோம்பல்பட்டுக் கழற்றி வைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் ஒரு முறை ஏறிப் பார்த்தால் மேல் படியில் அசைவு எவ்வளவு கூடுகிறது என்று உடம்புக்கே தெரியும்.

அசைவு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். டெலஸ்கோப் ஏணி நடுவில் கொஞ்சம் வளையும். பல துண்டுகள் சேர்ந்து நிற்பதால் ஒற்றைச் சட்ட ஏணியின் இறுக்கம் இதில் வராது. முதல் தடவை ஏறும்போது பயமாக இருக்கும், பழகினால் போய்விடும். பக்கவாட்டில் ஆடினால்தான் பிரச்சினை, அப்போது உடனே இறங்கிவிடுங்கள். தொப்புள் இரண்டு குழாய்க்கும் நடுவிலேயே இருக்க வேண்டும், எட்டவில்லை என்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். படிகள் குறுகலானவை, வெறுங்காலோடு பத்து நிமிடம் நின்றால் பாதம் வலிக்கும். தடித்த அடி உள்ள ஷூ போட்டு ஏறுங்கள்.

மின்சார வேலைக்கு இந்த ஏணி வேண்டவே வேண்டாம். அலுமினியத்தில் மின்சாரம் பாயும். எலக்ட்ரீஷியன்கள் ஃபைபர் கிளாஸ் ஏணி வைத்திருப்பது அதற்காகத்தான். வெளியில் நீட்டும்போது தலைக்கு மேல் ஒயர் போகிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள், மடங்கிக் கிடந்த ஏணி ஒரே நிமிடத்தில் 4 மீட்டர் கம்பியாக மாறிவிடும்.

பராமரிப்பைப் பற்றி எட்டு மாதத்து ஏணி எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. தூசி பட்ட அன்றே, முழுக்க நீட்டி, ஒவ்வொரு குழாயையும் உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்கிறேன். குழாயில் எண்ணெயோ கிரீஸோ போடுவதில்லை, வழுக்கலாக இருக்கிறதே என்று போட்டால் தூசி அதில் ஒட்டிப் பசையாகி, பூட்டுக்குள்தான் போய்ச் சேரும். நனைந்தால் நீட்டி வைத்தே காயவிட்டு மடக்குகிறேன். கடைசியாகக் கூடவே வந்த வார் கொண்டு கட்டி, நிற்க வைத்துவிடுகிறேன். கட்டாமல் தூக்கினால் படிகள் தானாக இறங்கிக் காலில் விழும்.

இப்போது இருக்கும் ஏணியில் எனக்கு இரண்டு குறை. 12 கிலோவை மடக்கிய நிலையில் ஒரு கையால் மாடிப்படியில் தூக்கிப் போவது சுலபமில்லை, கைப்பிடி என்று எதுவும் வைக்கவில்லை, வாரைத்தான் பிடிக்க வேண்டும், அது உள்ளங்கையை அறுக்கிறது. அப்புறம், நிதானமாக இறங்கும் வசதி குளிரில் ரொம்பவே நிதானமாகிவிடுகிறது, மேல் இரண்டு படியை லேசாக அமுக்கினால்தான் முழுக்க இறங்குகிறது. பூட்டில் மட்டும் இதுவரை ஒரு தவறும் இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் பச்சை தெரிகிறதா என்று கீழிருந்து மேல்வரை பார்த்துவிட்டுத்தான் முதல் படியில் கால் வைக்கிறேன். அப்பா அடியைப் பிடித்துக்கொள்ள வந்தால், ஏறுவதற்கு முன் அவரும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பச்சை, ஏறு" என்கிறார்.