செம்மண் சேற்றுக்கு எந்தப் பின் ஸ்ப்ராக்கெட்: எஃகா, அலுமினியமா?

காஸ்வே தாண்டி ஜொகூர் செம்பனைத் தோட்டப் பாதைகளில் மோட்டார்சைக்கிள் ஓட்டும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு, செயின் சுற்றும் பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் எஃகில் இருப்பதுதான் சரி. மழைக்குப் பின் மணலும் சேறும் செயின் எண்ணெயோடு குழைந்து, உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும். எஃகு அதைத் தாங்கும். மேலே துரு படிந்தாலும் பல்லின் வலிமை குறையாது.

அலுமினியத்தின் பலம் குறைந்த எடைதான். 7075-டி6 என்ற அலுமினியக் கலவை ரகத்தின் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சக்கரம் இலேசானால் சஸ்பென்ஷன் சுறுசுறுப்பாக வேலை செய்யும். மோட்டோகிராஸ் பந்தயத்தில் அது உதவும். ஆனால் பல் சீக்கிரம் கொக்கிபோல வளையும். போல்ட் தளர்ந்து ஓடினால் துளையும் நீள்வட்டமாகிவிடும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

எதை வாங்கினாலும் பழைய செயினை மாட்டாதீர்கள். 520 அளவுச் செயினில் அடுத்தடுத்த இணைப்பு ஊசிகளின் மையங்களுக்கு இடையே 15.875 மி.மீ. இருக்க வேண்டும், நீண்டுபோன செயின் பல்லின் உச்சியில் ஏறி, புது ஸ்ப்ராக்கெட்டையும் கெடுக்கும். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

தேய்மானம் பார்க்க, பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புற நடுவில் செயினைப் பிடித்து இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. புதிய ஸ்ப்ராக்கெட்டை மாட்டும்போது புது லாக் நட் (தளராத நட்) போட்டு, எதிரெதிர் நட்டுகளை மாறி மாறி முறுக்குங்கள். முதல் சவாரி முடிந்ததும் மறுபடி இறுக்கம் பாருங்கள்.

எடையும் குறைய வேண்டும், ஆயுளும் வேண்டும் என்றால், அலுமினிய நடுவில் எஃகுப் பல் வளையம் ரிவெட் அடித்த வகை உண்டு. விலை கூடுதல்.