ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்

வீட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டி ஒரு படமாக ஆக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் நம்ம குமரி மாவட்டத்தில், லேப்டாப்பைக் கடையில் கொடுத்து "ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டுத் தாங்க" என்று கேட்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் 4,500 ரூபாயை இழந்தேன். பணத்தை விடுங்கள், அது பெரிய விஷயமே இல்லை.

எங்க அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். போன வருஷம் தவறிவிட்டார். முதல் ஆண்டு நினைவுக்கு அவர் இருக்கும் வீடியோக்களை எல்லாம் கோத்து, சொந்தக்காரர்கள் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கும் தம்பிக்கும் ஆசை. என் போனில் 31 வீடியோ இருந்தது. ஒன்றில் விடியும் முன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறார். கத்தியை ஒரே இழுப்பில் சரிவாக இழுக்கிறார், பட்டை சுருளாகச் சீவிக்கொண்டு விழுகிறது, பின்னாலேயே பால் வெள்ளைக் கோடாக இறங்குகிறது. "மக்களே, போனை வச்சிட்டு அந்தச் சிரட்டையை நேரா வை" என்கிறார். எங்க ஊரில் பிள்ளையை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். அது தவிர வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் அறுபதுக்கு மேல். எல்லாம் பத்து, பன்னிரண்டு விநாடிதான். "மழை வருது மக்களே, ஷீட்டை எடுத்து உள்ள போடு" என்கிற மாதிரிப் பேச்சு.

போன் நிறைந்துவிட்டதால் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்தேன். இன்னொரு பிரதி எடுத்து வைக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

பள்ளி ஆண்டு விழா வீடியோவுக்கு முன்பு விண்டோஸ் மூவி மேக்கர் என்ற இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர் பயன்படுத்தியிருக்கிறேன். அதையே தேடினேன். மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே அதை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதன் பெயரிலேயே ஒரு போலி தளம் கிளம்பி, எடிட் பண்ணியதைச் சேமிக்கப் போகும்போது 29.95 டாலர் கேட்டதை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. அதைப் படித்துப் பயந்துபோய்த்தான், நெட்டில் எதையாவது இறக்குவதைவிட நேரில் கடையில் கொடுப்பது பத்திரம் என்று நினைத்தேன்.

நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கல்யாண வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரையே போட்டுத் தருகிறேன் என்றார் கடைக்காரர். "லைஃப்டைம் அக்கா. ஒரு தடவை போட்டா போதும், பின்ன காசே கெட்ட வேண்டாம்." எனக்குச் சந்தோஷம். அப்போது எனக்குத் தெரியாது: அடோபி நிறுவனம் பிரீமியர் புரோவின் புதிய பதிப்புகளை ஆயுளுக்கும் என்று யாருக்கும் விற்பதே இல்லை. 2013-இலிருந்து சந்தாதான். அந்த ஒரு சொல்லிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

பென்டிரைவிலிருந்து எதையோ திறந்தார், பாஸ்வேர்டு கேட்டது, அடித்தார். உடனே திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. "அது சும்மா காட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டு, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை ஆஃப் பண்ணினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திரும்ப ஆன் பண்ணினாரா என்று கேட்கத் தோன்றவில்லை. பில்லில் சாஃப்ட்வேர் பெயரே இல்லை, 'இன்ஸ்டாலேஷன் சார்ஜ்' என்று மட்டும் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து திறந்தால் என் 8 ஜிபி லேப்டாப்பில் அது ஊர்ந்தது. ஒரு வீடியோவை ஓடவிட்டால் படம் நின்று நின்று வரும், குரல் முன்னால் போய்விடும். கடைக்குப் போன் போட்டால், "ரேம் கூட்டணும், 2,800 ஆகும்" என்கிறார். நான் என்ன வேலைக்குக் கேட்கிறேன், என் லேப்டாப் எதைத் தாங்கும் என்று முதல் நாள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் சாஃப்ட்வேரே எனக்கு வேண்டாம் என்று தெரிந்திருக்கும்.

பத்தாவது நாள் காலையில் திறந்தால், எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்து புதிதாக ஒட்டியிருக்கிறது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை. ஸ்டாப் டிஜேவியு என்ற ரான்சம்வேரின், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸின், கடிதம் அது. திருட்டு சாஃப்ட்வேர்களோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக் கணினிகளுக்குள் நுழைவதில் பேர்போனது.

கடைக்கு ஓடினேன். "கிராக்குன்னா சில சமயம் அப்படித்தான் அக்கா. ஃபார்மேட் பண்ணிடலாம், 500 ரூபா தாங்க." கிராக் என்றால் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. அப்பாவின் முகம் அதற்குள் இருக்கிறது, துடைத்துவிடலாம் என்கிறார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு நல்ல காரியம் அது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், யாருக்காவது உதவும். இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டுகிறது. மீதி அப்படியே கிடக்கும். போனில் எடுத்த வீடியோ ஐம்பது, நூறு எம்பி இருக்கும். அதற்கு 150 கேபி ஒன்றுமே இல்லை. மைத்துனர் மகன் கம்ப்யூட்டர் படித்தவன். அவன் ஹார்டுடிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து, அதே போனில் புதிதாக ஒரு வீடியோ எடுத்து மாதிரியாகக் கொடுத்து, மீடியா ரிப்பேர் என்ற இலவசக் கருவியால் ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். 31-இல் 26 திரும்பக் கிடைத்தது. சிரட்டை வீடியோவும் வந்துவிட்டது. எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் திறவுகோல் கருவியையும் போட்டுப் பார்த்தோம். எங்களுடையதற்குச் சாவி இல்லை என்று சொல்லிவிட்டது.

குரல் பதிவுகள்? ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது கேபி. முழுசாகப் பூட்டுக்குள் போய்விட்டது. ஒன்றுகூட வரவில்லை.

பிறகு அந்த 26 வீடியோவையும் எதில் எடிட் பண்ணினேன் தெரியுமா? ஷாட்கட். ஒரு பைசா கிடையாது, படத்தின் மேல் கம்பெனி பெயரைப் பதிக்கும் வாட்டர்மார்க் கிடையாது, அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கலாம், டிஃபெண்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன் வீடியோவில் விநாடிக்கு எத்தனை படம் என்பது நிலையாக இருக்காது. வீடியோக்களை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் போகப்போகக் குரல் விலகுவது பல நேரம் அதனால்தான். ஷாட்கட் அதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று தானே கேட்கிறது. சரி என்று கொடுங்கள். லேப்டாப் திணறினால் செட்டிங்கில் பிராக்ஸியை ஆன் பண்ணுங்கள், சின்ன நகலை வைத்து வேலை நடக்கும், கடைசியில் அசல் தரத்திலேயே வெளியே வரும். என் லேப்டாப்பில் ரேம் எதுவும் கூட்டாமலே ஓடியது.

விண்டோஸ் 11 என்றால் கிளிப்சாம்ப் என்ற எடிட்டர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும், 1080 தரம் வரை வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம், முதல் தடவை செய்கிறவர்களுக்கு அதுவே எளிது. ஐபோனோ மேக்கோ இருந்தால் ஐமூவி. கேடென்லைவ் என்ற இலவச எடிட்டரும் நல்லது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு சினிமாக்காரர்களே பயன்படுத்துவது, ஆனால் 16 ஜிபி ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். எது போட்டாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: ப்ராஜெக்ட் கோப்புக்குள் உங்கள் வீடியோ இருக்காது, எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். வேலை முடிந்ததென்று அசலை அழித்துவிடாதீர்கள்.

நினைவு நாளில் 14 நிமிடம் ஓடியது. எல்லாரும் அழுதார்கள். முடிந்ததும் அம்மா கேட்டாள், "அந்த மழைப் பேச்சு எங்க மக்களே?" வீடியோவை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. தம்பி சொன்னான்.

1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் பிரிவில் பதிந்தாயிற்று. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லியிருக்கிறேன். அடுத்து நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. தெரிந்தே திருட்டு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் தண்டனை உண்டு என்பதால், எனக்குச் சொல்லாமல் போட்டார் என்பதையும் மனுவில் தெளிவாக எழுதியிருக்கிறேன். நீங்களும் இப்படி மாட்டியிருந்தால் ஃபார்மேட் பண்ணக் கொடுக்காதீர்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். என் பில் மனுவோடு பின் குத்தி வைத்திருக்கிறது. பூட்டிய குரல் பதிவுகளையும் ஒரு தனி டிஸ்கில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது சாவி வந்தால் திறக்கலாம்.